தட்டில் நின்ற இசை: கிட்டார்க் கலைஞர் அமான்சியோ டிசில்வாவின் வரலாறு

நம் தங்கவயலில் எடுத்த பொன்னுக்குக் கணக்கு உண்டு. 1880-ஆம் ஆண்டையொட்டி லண்டன் ஜான் டெய்லர் நிறுவனத்தார் இங்கே வந்தது தொடங்கி, 2001-ஆம் ஆண்டு பிப்ரவரி 28-ஆம் நாள் சுரங்கங்கள் மூடப்பட்டது வரையில், பூமியின் வயிற்றிலிருந்து வெளிவந்த பொன் ஏறத்தாழ 800 டன் என்பர். அப்பொன்னெல்லாம் நிறுக்கப்பட்டது; பேரேட்டில் எழுதப்பட்டது. ஆனால், அந்தப் பொன்னை எடுத்த மக்கள் லைன் வீடுகளின் முற்றத்தில் பாடிய பாட்டுக்கும், அடித்த பறைக்கும், கோயிலிலும் மாதாகோயிலிலும் பௌத்த விகாரையிலும் எழுப்பிய இசைக்கும் எந்தப் பேரேட்டில் கணக்கு இருக்கிறது?

இக்கேள்வியை மனத்திற்கொண்டே இவ்வாண்டு மலரில் ஓர் இசைக்கலைஞரின் வரலாற்றை எழுத முற்பட்டோம். அவர் தமிழர் அல்லர். தங்கவயலில் பிறந்தவரும் அல்லர். கோவாவைப் பூர்விகமாகக் கொண்ட குடும்பத்தில் பம்பாயில் பிறந்தவர். அமான்சியோ டிசில்வா என்பது அவர் பெயர். ஜாஸ் என்னும் மேனாட்டு இசையைக் கிட்டாரில் வாசித்தவர். தமிழ்ச் சங்க மலரில் இவருக்கு என்ன இடம் என்று அன்பர்கள் வினவலாம். பிழைப்பை நாடி ஊர்விட்டு ஊர் வந்த குடியில் தோன்றி, பின்னர் நாடுவிட்டு நாடு சென்று, சென்ற இடத்தில் தம் மண்ணின் நினைவை இசையாக்கியவர் அவர். வடஆற்காட்டிலிருந்தும் சேலத்திலிருந்தும் சித்தூரிலிருந்தும் வந்து இங்கே வேரூன்றிய நம் குடும்பங்களுக்கு அவ்வாழ்வு அயலானது அன்று. அதைவிட முக்கியமான காரணம் ஒன்றும் உண்டு. அவர் இசை எப்படிப் பிழைத்தது என்னும் வரலாறு நமக்கு ஒரு பாடமாக இருக்கிறது.

ஜாஸ் இசையும் கிட்டாரும்

ஜாஸ் என்பது அமெரிக்காவில் அடிமைகளாகக் கொண்டுவரப்பட்ட ஆப்பிரிக்க மக்களின் வழித்தோன்றல்கள், நியூ ஆர்லியன்ஸ் முதலிய நகரங்களில் 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வளர்த்தெடுத்த இசை. மேனாட்டு இசையில் பெரும்பாலும் எழுதியதை எழுதியபடியே வாசிப்பது மரபு. ஜாஸ் கலைஞரோ ஒரு மெட்டை எடுத்துக்கொண்டு, அதன் தாளத்துக்கும் சுரக் கட்டுக்கும் உட்பட்டு, அந்த நேரத்தில் தம் உள்ளத்தில் எழுவதை வாசிப்பார். நம் வித்துவான்கள் ஒரு கீர்த்தனையின் அடியை எடுத்துக்கொண்டு கற்பனாசுரம் பாடுவதை இதற்கு ஒருவாறு ஒப்பிடலாம். மனோதர்மம் என்று நாம் சொல்வது அவர்களுக்கும் உயிர்நாடி. ஆகவே நேற்று வாசித்தது இன்று வாராது. இசைத்தட்டில் பதிந்தால் நிற்கும். இல்லையேல் காற்றோடு கலந்துவிடும். இந்த ஓர் உண்மையை நாம் மறவாது வைத்துக்கொண்டால், மேலே வருவன தெளிவாக விளங்கும்.

இவ்விசையில் கிட்டாருக்கு முதலில் உயர்ந்த இடம் கிடைக்கவில்லை. டிரம்பெட்டும் சாக்ஸபோனும் முழங்கும் இடத்தில் அதன் மெல்லிய குரல் எடுபடாது. தாளத்துக்குத் துணையாக மட்டும் பின்னால் இருந்தது. மின்விசையால் ஒலியைப் பெருக்கும் கிட்டார் வந்தபின் நிலைமை மாறியது. 1939-ஆம் ஆண்டில் பென்னி குட்மன் என்பவரின் குழுவில் சேர்ந்த சார்லி கிறிஸ்டியன் என்னும் இளைஞர், அக்கருவியைச் சாக்ஸபோனுக்கு நிகராகப் பேசவைத்தார். 1942-ஆம் ஆண்டில் 25 வயதில் அவர் மறைந்தார். எனினும் அவர் விட்டுச்சென்ற இசைத்தட்டுகள் கடல் கடந்து சென்று, பல நாட்டு இளைஞர்களுக்கு ஆசானாக விளங்கின.

இந்தியாவுக்கு ஜாஸ் வந்ததும் அக்காலத்திலேயே. 1935-ஆம் ஆண்டில் லியான் அப்பி என்னும் அமெரிக்கக் கறுப்பினக் கலைஞர் தம் குழுவோடு பம்பாய் தாஜ்மகால் ஓட்டலுக்கு வந்தார். பின்னர் வந்த பியானோ கலைஞர் டெடி வெதர்போர்டு, கல்கத்தாவில் நெடுநாள் வாசித்து, 1945-ஆம் ஆண்டில் அங்கேயே காலரா நோய்க்கு இரையானார். 1955-ஆம் ஆண்டு முதல் அமெரிக்க வானொலி தனி ஜாஸ் நிகழ்ச்சியை உலகமெங்கும் ஒலிபரப்பியது. டேவ் புரூபெக் 1958-ஆம் ஆண்டிலும், டியூக் எலிங்டன் 1963-ஆம் ஆண்டிலும் தத்தம் குழுவினருடன் இந்தியா வந்தனர். நம் தங்கவயலிலும் ஆங்கிலேயரும் ஆங்கிலோ இந்தியரும் கூடிய மன்றங்களில் மேனாட்டு நடன இசை ஒலித்த காலம் அது. சுரங்கத்துக்குள் இறங்கிய நம் முன்னோர் அம்மன்றங்களின் வாயிலுக்கு வெளியேதான் நின்றனர் என்பதையும் சொல்லாமல் விடுதல் தகாது.

கோவா மக்களும் பம்பாய் நகரமும்

இந்தியாவில் இவ்விசையைக் கைக்கொண்டவர்களுள் கோவா மக்கள் முதன்மையானவர்கள். போர்த்துக்கீசியர் ஆட்சி 1961-ஆம் ஆண்டு வரை நீடித்த அந்நாட்டில், மாதாகோயிலைச் சார்ந்த பள்ளிகள் சிறுவர்களுக்கு இசைக்குறிப்பு எழுதவும் படிக்கவும் கற்பித்தன, வயலினும் பயிற்றின. நிலம் குறைவு, தொழில் அருமை என்ற நிலையில் அவ்விளைஞர்கள் தாம் கற்ற இசையையே கைத்தொழிலாகக் கொண்டு பம்பாய்க்குக் குடிபெயர்ந்தனர். ஓட்டல்களிலும் கப்பல்களிலும் சமஸ்தானங்களிலும் வாசித்தனர். பின்னர் இந்தித் திரைப்பட இசைக்குழுக்களின் முதுகெலும்பாயினர்.

நம்மில் பலர் விரும்பிக் கண்ட 'வஞ்சிக்கோட்டை வாலிபன்' 1958-ஆம் ஆண்டில் வெளிவந்தது. அதற்கு இசையமைத்த சி. ராம்சந்திரா, இந்திப் படங்களில் சிக் சாக்லேட் என்னும் கோவா டிரம்பெட் கலைஞரின் துணையைக் கொண்டவர். ஆயினும் அக்காலப் படங்களின் தொடக்கத்தில் இசையமைப்பாளர் பெயர் தோன்றுமேயன்றி, வாசித்தவர்களின் பெயர்கள் பெரும்பாலும் தோன்றா. எத்தனையோ பேருடைய கைத்திறன் நம் காதில் விழுந்திருக்கிறது. அவர்கள் யார் என்று அறியோம். சுரங்கத்தில் பொன் எடுத்தவரின் பெயர் அப்பொன்னில் இல்லாதது போன்றதே இதுவும்.

இத்தகைய சூழலில் 1936-ஆம் ஆண்டில் பம்பாயில் பிறந்தவர் அமான்சியோ டிசில்வா. இளமையிலேயே கிட்டாரும் ஜாஸும் அவரை ஆட்கொண்டன. இந்திய நகரங்களில் வாசித்துப் பெயர்பெற்ற அவருக்கு ஜெய்ப்பூர் மகாராணி காயத்ரி தேவியின் ஆதரவு கிடைத்தது. அந்த நன்றியை அவர் மறந்தாரல்லர். பிற்காலத்தில் அவர் அமைத்த இசைக்கோவைகளில் ஒன்றுக்கு 'ஜெய்ப்பூர்' என்றும், மற்றொன்றுக்கு 'மகாராணி' என்றும் பெயர் வைத்தார். அயர்லாந்து நாட்டுப் பெண்மணி ஒருவரை மணந்துகொண்டார்.

லண்டன் வாழ்வு

மகனுக்கு வேண்டிய மருத்துவத்தை நாடி, 1967-ஆம் ஆண்டில் குடும்பத்துடன் லண்டன் சென்றார் டிசில்வா. அது குடிவந்தோருக்கு எளிய காலம் அன்று. காமன்வெல்த் நாடுகளிலிருந்து வருவோரைக் கட்டுப்படுத்தும் சட்டம் ஒன்று 1968-ஆம் ஆண்டில் அங்கே நிறைவேறியது. அதே ஆண்டில் ஈனோக் பவல் என்னும் அரசியல்வாதி குடியேறிகளுக்கு எதிராகப் பேசிய பேச்சு நாடெங்கும் கசப்பை வளர்த்தது.

எனினும் அந்நகரின் ஒரு மூலையில் வேறொரு காற்றும் வீசிக்கொண்டிருந்தது. லேன்ஸ்டவுன் என்னும் ஒலிப்பதிவுக் கூடத்தை நடத்திவந்த டெனிஸ் பிரஸ்டன், எந்த நாட்டு இசையாயினும் திறம் இருந்தால் பதிவு செய்யும் துணிவு உடையவர். கல்கத்தாவில் பிறந்த ஜான் மேயரும், ஜமைக்காவில் பிறந்த சாக்ஸபோன் கலைஞர் ஜோ ஹாரியட்டும் சேர்ந்து, இந்திய இராகங்களையும் ஜாஸையும் இணைத்து அமைத்த இசைத்தட்டுகளை 1960-களின் பிற்பகுதியில் வெளிவரச் செய்தவர் அவரே. அவர் டிசில்வாவின் திறமையை அறிந்து வாய்ப்பளித்தார்.

1969-ஆம் ஆண்டில் டிசில்வாவின் முதல் இசைத்தட்டு வெளிவந்தது. 'இன்டகிரேஷன்', அதாவது 'ஒருங்கிணைவு' என்பது அதன் பெயர். குடிவந்தவரை விலக்க வேண்டும் என்ற குரல் ஓங்கியிருந்த நாளில், குடிவந்த ஒருவரின் தட்டு அப்பெயரைத் தாங்கி வந்தது. டிரம்பெட் வாசித்தவர் இயன் கார். சாக்ஸபோன் வாசித்தவர் டான் ரெண்டல். இருவரும் அந்நாட்டில் புகழ்பெற்ற ஜாஸ் குழு ஒன்றைக் கூட்டாக நடத்தியவர்கள். டேவ் கிரீனும் டிரெவர் டாம்கின்ஸும் தாளப் பக்கத்தைத் தாங்கினர். இத்தகைய வல்லுநர்கள், ஊருக்குப் புதிதாக வந்த இந்தியர் ஒருவரின் மெட்டுகளைக் கற்று அவருக்குத் துணையாக வாசித்தனர். 'கங்கை' என்ற பெயருடைய கோவையும் அத்தட்டில் உண்டு.

அதே ஆண்டில் பதிவானது 'ஹம் தோனோ' என்னும் தட்டு. இந்தி மொழியில் 'நாம் இருவர்' என்று பொருள். அவ்விருவருள் ஒருவர் டிசில்வா. மற்றவர் ஜோ ஹாரியட். ஒருவர் அரபிக்கடற்கரையைச் சார்ந்தவர். ஒருவர் கரீபியக் கடலின் தீவில் பிறந்தவர். இரண்டு நாடுகளும் ஆங்கிலேய ஆட்சியைக் கண்டவை. அவ்வாட்சியின் தலைநகரில் சந்தித்த இருவரும் ஒருவர்க்கொருவர் இடம் கொடுத்து வாசித்தனர். கிட்டாரும் சாக்ஸபோனும் ஒரே மெட்டை இணைந்து எடுப்பதும், பின்னர் தனித்தனியே பிரிந்து உலாவுவதும், மீண்டும் வந்து கூடுவதும் நம் இரட்டை நாதசுரக் கச்சேரியை நினைவூட்டும். நார்மா வின்ஸ்டன் என்னும் பாடகி சொற்கள் இல்லாமல் குரலை மட்டுமே ஒரு கருவியாக்கிப் பாடியிருக்கிறார். அகாரத்தில் ஆலாபனை கேட்டுப் பழகிய நமக்கு இது புதுமையாகத் தோன்றாது. இத்தட்டில் கோவாவின் பெயரால் அமைந்த மெல்லிசைக் கோவை ஒன்றும் இருக்கிறது.

இவ்வளவு சிறப்பு இருந்தும் இத்தட்டு பரவலாக விற்கவில்லை. மக்கள் மனம் ராக் இசையின் பக்கம் திரும்பிவிட்டது. பிரிட்டனில் ஜாஸ் தட்டுகள் சிறு எண்ணிக்கையில் அச்சாகி, தீர்ந்தபின் மறுபதிப்பின்றி மறைவது வழக்கமாயிற்று. ஜோ ஹாரியட் 1973-ஆம் ஆண்டில், 44 வயதில், வறுமையும் நோயும் சூழ மறைந்தார்.

உறங்கிய ஒலிநாடா

1971-ஆம் ஆண்டில் 'ரிஃப்ளெக்ஷன்ஸ்' என்ற தட்டும், 1972-ஆம் ஆண்டில் 'காஸ்மிக் ஐ' என்னும் குழுவின் பெயரில் சித்தார், தபலா ஆகியவற்றோடு கூடிய 'டிரீம் சீக்வென்ஸ்' என்ற தட்டும் வெளிவந்தன. அதே 1972-ஆம் ஆண்டில் டிசில்வா மற்றுமொரு பதிவைச் செய்தார். அதற்குக் 'கொங்கண் நடனம்' என்று பெயர். தம் முன்னோரின் கடற்கரையைப் பெயராகக் கொண்ட அப்பதிவில் டான் ரெண்டல் வாசித்தார்; கிளெம் ஆல்ஃபர்டு சித்தாரும், கேசவ் சாத்தே தபலாவும் வாசித்தனர். இந்தியக் கருவிகள் அலங்காரத்துக்காகச் சேர்க்கப்பட்டவையாக இன்றி, கிட்டாரோடு சமமாக உரையாடுகின்றன.

அப்பதிவு அப்போது வெளியிடப்படவே இல்லை.

ஒலிநாடா பேழையில் கிடந்தது, காலம் ஓடியது. டிசில்வா கிழக்கு லண்டனில் இளைஞர்களுக்குக் கிட்டார் கற்பித்துவந்தார். 1996-ஆம் ஆண்டில், 60 வயதில், காலமானார். தம் கொங்கண் நடனத்தை உலகம் கேட்பதை அவர் காணவில்லை. 2000-ஆம் ஆண்டுக்குப் பின்னர்ப் பழைய பிரிட்டிஷ் ஜாஸ் தட்டுகளை இளைய தலைமுறையினர் தேடத் தொடங்கினர். அவர் தட்டுகளின் மூலப் பிரதிகளைச் சேகரிப்போர் பெருந்தொகை கொடுத்து வாங்கலாயினர். 2006-ஆம் ஆண்டில், பதிவாகி 34 ஆண்டுகள் கழித்து, 'கொங்கண் நடனம்' வெளிவந்தது. பாதுகாக்கப்பட்ட ஒரு நாடா இருந்தமையால் இறந்தவரின் கை மீண்டும் கம்பியைத் தொட்டது.

இங்கே நமக்கு அண்மையில் தோன்றிய மற்றொரு கலைஞரையும் நினைவுகூர்தல் பொருந்தும். பெங்களூரில் பிறந்த கார்ல்டன் கிட்டோ, சார்லி கிறிஸ்டியன் வகுத்த வழியில் ஜாஸ் கிட்டார் வாசித்தவர். அவர் வெளிநாடு செல்லவில்லை. கல்கத்தாவில் வாழ்ந்து, பார்க் தெரு விடுதிகளில் வாசித்து, எண்ணற்ற மாணவர்களுக்குக் கற்பித்து, 2016-ஆம் ஆண்டில் மறைந்தார். திறமையில் குறைந்தவர் அல்லர். ஆனால் அவருக்கு ஒரு டெனிஸ் பிரஸ்டன் வாய்க்கவில்லை. பல பத்தாண்டுகள் இரவுதோறும் அவர் வாசித்ததில் தட்டேறியது மிகமிகச் சொற்பம். சுசீல் குரியன் என்பவர் அவரைத் தேடிச் சென்று எடுத்த 'ஃபைண்டிங் கார்ல்டன்' என்னும் ஆவணப்படம் இல்லையேல், கல்கத்தாவுக்கு வெளியே அவரை அறிந்தோர் சிலராகவே இருந்திருப்பர். இருவரும் ஒரே கருவியை வாசித்தவர்கள். ஒருவரின் இசை பலமுறை பதிவாயிற்று. மற்றவரின் இசை பெரும்பாலும் அன்றன்றைக்கே கரைந்தது. எது நிலைக்கும் என்பதைத் திறமை மட்டும் தீர்மானிப்பதில்லை என்று இதிலிருந்து அறிகிறோம்.

நம் கடமை

எழுத்தைக் காப்பதில் நம் தங்கவயல் எவருக்கும் பின்தங்கியதன்று. அயோத்திதாச பண்டிதர் 1907-ஆம் ஆண்டில் சென்னையில் தொடங்கிய 'தமிழன்' இதழ், அவர் மறைவுக்குப் பின் நின்றுபோயிற்று. அதை 1926-ஆம் ஆண்டில் மீண்டும் உயிர்ப்பித்து நடத்தியவர் நம் ஊரில் வாழ்ந்த ஜி. அப்பாதுரையார். சாம்பியன் ரீப்பில் இயங்கிய சித்தார்த்த புத்தகசாலை பண்டிதரின் நூல்களைத் தொடர்ந்து அச்சிட்டது. வேலை முடிந்து வந்த கைகளே அப்பணிக்குப் பொருளுதவி செய்தன. 1999-ஆம் ஆண்டில் ஞான. அலாய்சியஸ் பண்டிதரின் எழுத்துகளைத் தொகுத்துப் பாளையங்கோட்டையிலிருந்து வெளியிட்டபோது, தமிழுலகம் அவரைப் புதிதாகக் கண்டதுபோல் வியந்தது. நாம் வியக்கவில்லை. நம் பாட்டனார் வீட்டுப் பெட்டிகளில் அந்நூல்கள் முன்பே இருந்தன.

எழுத்துக்குச் செய்த அந்தத் தொண்டை நாம் ஒலிக்குச் செய்தோமா? பாறை வெடிப்பில் மாண்டவருக்காக நம் பாட்டிமார் பாடிய ஒப்பாரி எங்கே? மார்கழிப் பஜனையும், கிறிஸ்துமஸ் இரவில் லைன் லைனாகச் சென்று பாடிய பாட்டும், திருவிழாவில் முழங்கிய பறையின் அடிகளும் யாரிடம் இருக்கின்றன? கன்னடமும் தெலுங்கும் உருதும் ஆங்கிலமும் கலந்து நாம் பேசும் தங்கவயல் தமிழின் ஓசையைக் கூட எவரேனும் பதிந்து வைத்தார்களா? சுரங்கம் மூடியபோது 20 வயதாக இருந்த தொழிலாளிகூட இன்று நடுவயதைக் கடந்துகொண்டிருக்கிறார். அவருக்கு மூத்தவர்களில் பலர் சுரங்கத் தூசியை நெஞ்சில் சுமந்தபடியே மறைந்துவிட்டனர். நம் பிள்ளைகளோ விடியுமுன் மாரிக்குப்பத்தில் ரயிலேறிப் பெங்களூருக்கு வேலைக்குச் சென்று, இருட்டியபின் திரும்புகின்றனர். கேட்பதற்கு அவர்களுக்கு நேரம் இல்லை. சொல்வதற்கு முதியோருக்கு நாள் அதிகம் இல்லை.

ஆதலின் சங்கத்தின் குடும்பங்களுக்கு நாம் விடுக்கும் வேண்டுகோள் இது. வீட்டில் பழைய ஒலிநாடாக்கள் இருந்தால் தூக்கி எறிய வேண்டாம். நாடா ஈரத்தில் பூஞ்சை பிடிக்கும், வெப்பத்தில் ஒட்டிக்கொள்ளும். ஆகவே காலம் தாழ்த்தாமல் அவற்றைக் கணினிக்கு மாற்றி, இரண்டு மூன்று பிரதிகளாக வெவ்வேறு வீடுகளில் வையுங்கள். பாடத் தெரிந்த பெரியவர் இருந்தால் கைபேசியிலேனும் இன்றே பதிவு செய்யுங்கள். பாடியவர் பெயர், லைன், சுரங்கம், ஆண்டு ஆகியவற்றை மறவாமல் குறித்து வையுங்கள். பெயரில்லாப் பதிவு பாதிப் பதிவே. குரல் இனிதாக இல்லை, தாளம் தவறுகிறது என்று தயங்க வேண்டாம். எது அருமையானது என்பதைப் பின்வருவோர் முடிவு செய்யட்டும்.

லண்டனில் ஒரு பேழையில் 34 ஆண்டுகள் காத்திருந்த கொங்கண் நடனத்துக்கு ஒரு நாள் காது கிடைத்தது. காத்திருப்பதற்கு ஒரு நாடா இருந்ததே அதற்குக் காரணம். தங்கவயல் தமிழரின் பாட்டுக்கும் அத்தகைய ஒரு பேழையை நாம் அமைப்போமாக. மண்ணுக்கடியிலிருந்த பொன் பிறருக்குப் போயிற்று. மண்ணுக்கு மேல் வாழ்ந்த நம் மக்களின் குரலேனும் நம் பேரப்பிள்ளைகளுக்குக் கிடைக்கட்டும்.

வாழ்க தமிழ்! வளர்க சங்கம்!